மூன்றாம் நாற்காலியின் ராசி

சிவப்புச் சட்டைக் கால்பந்து அணி இங்கிலாந்தில் விளையாடியது. ஆனால் அது ஜெயிப்பதும் தோற்பதும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று நான்கு பேர் உறுதியாக நம்பினார்கள். அந்த நால்வரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பதினொரு வயது.

மற்ற மூவரில் முதலாமவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கிள்ளானில் எங்கள் வீட்டிலேயே இருந்தார், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலை. அடுத்தவர் லோரி அங்கிள். அம்பாங்கில் எங்கள் அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார், சொந்த லோரி ஓட்டினார். மூன்றாமவர் வாத்தியார் அங்கிள், தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணக்கு வாத்தியாரே ராசியை நம்பியதால் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

மேசைக்கு ஒரு நோட்டு இருந்தது. அதை எழுதுவது நான். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், செக்ரட்டரி என்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. எதிரணி, முடிவு, எந்த நாற்காலியில் யார், யார் என்ன சட்டை, யார் என்ன குடித்தார். கடைசிக் கட்டம் "பிற காரணங்கள்". அதில்தான் உண்மையான விஷயங்கள் இருக்கும். "லோரி அங்கிள் முடி வெட்டியிருந்தார்" என்று ஒரு தோல்விக்கு எதிரே எழுதியிருக்கிறேன். "வாத்தியார் அங்கிள் பாத்ரூம் போனார், கோல் வாங்கினோம்" என்று இன்னொன்று. அதன்பிறகு முக்கியமான ஆட்டங்களில் வாத்தியார் அங்கிள் தே தாரிக் பால் டீயை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். விசில் ஊதிய பிறகு, ஆடை படிந்து ஆறிப்போனதைக் குடிப்பார். தோற்றால் என்னிடம்தான் கேட்பார்கள். நான் பக்கங்களைப் புரட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொல்வேன். மூன்று பெரிய மனிதர்கள் தலையாட்டுவார்கள். பள்ளியில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்குகிற ஆட்டங்களுக்கு மட்டும்தான் மேசை கூடும். பிந்தி நடக்கும் ஆட்டங்களை அவரவர் வீட்டில் பார்ப்பார்கள். அவை நோட்டில் சேராது. கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் சித்தப்பா எனக்கு மட்டும் சொந்தம். கடைக்குப் போனால் மூன்றாம் நாற்காலி என்னுடையது. சித்தப்பாவின் வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே. நான்காம் நாற்காலி தூணுக்குப் பின்னால். அதில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் தெரியாது. அதை எப்போதும் காலியாகவே விட்டு, ஐந்தாவதாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார் வாத்தியார் அங்கிள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அணியின் மேனேஜர், சீசன் முடிந்ததும் விலகுவதாக அறிவித்தார். எங்கள் மேசையில் அவருக்குப் பெயர் பெருசு. சித்தப்பா நான்காம் வகுப்பில் இருந்தபோது பொறுப்புக்கு வந்தவர். சித்தப்பாவுக்கு மீசை முளைத்தது, வேலை கிடைத்தது, நான் பிறந்தேன்; பெருசு மட்டும் அதே கழுத்துத் துண்டோடு அதே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லாத அணியை மேசையில் யாருக்கும் நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. லோரி அங்கிள் அன்று மீ கோரெங் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டார்.

"போறேன்னு சொல்லிட்டாருலா. இனிமே யாரு?" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த கடை அண்ணன் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர், கிரிக்கெட் பிரியர். "வயசானவரு ரிட்டயர் ஆகுறாரு, விடுங்களேன் பாஸ். கரண்டிய எடுத்துச் சாப்பிடுங்க" என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை. அடுத்த மேனேஜர் யார் என்கிற விவாதம் அன்று தொடங்கி ஐந்து மாதம் ஓடியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சித்தப்பா ஓர் அக்காவைக் கூட்டிவந்தார்.

ரவாங்கிலிருந்து ரயிலில் வந்திருந்தார். அங்கே ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. நாங்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கியபோது படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா அவரைப் பார்த்ததும் என் பையை என்னிடமே கொடுத்துவிட்டார். அதுவரை என் பையைச் சித்தப்பாதான் தூக்குவார்.

கடையில் அந்த அக்கா உடனே உட்காரவில்லை. மூன்றாம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "செக்ரட்டரி, இங்க யாராவது உட்காருவாங்களா?" என்று கேட்டார். என்னைப் பற்றி அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. "என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. "இல்லக்கா, உட்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். உண்மையிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் தூணுக்குப் பின்னால் நான்காம் நாற்காலியில் உட்கார்ந்தேன். அணி நான்கு கோல் அடித்தது. அதில் மூன்று எனக்குத் தெரியாத கம்பத்தில் விழுந்தன.

"எழுது செக்ரட்டரி, எழுது! மூணாம் நம்பர், ரவாங் அக்கா!" என்று லோரி அங்கிள் மேசையைத் தட்டினார். நான் எழுதினேன். என் கையால், என் நோட்டில், என் கட்டத்தில்.

எனக்கு அப்போதே எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் மனம் அடங்கும். பள்ளி நோட்டின் பின்னட்டையில், அந்த அக்கா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றை எழுதி வைத்தேன். ஒன்று, நாற்காலி. இரண்டு, திரும்பி வரும் ரயில். இப்போது சித்தப்பா அதில் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று, பை. நான்கு, என் பண்டோங் ரோஸ் பாலில் மிதக்கும் கடைசிப் பனிக்கட்டியைக் கேட்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் சித்தப்பாவின் பழக்கம். அதை அவர் மறந்தேபோனார். நான்காவதுதான் அதிகம் வலித்தது. முன்பெல்லாம் அதற்காக அவரோடு சண்டை போடுவேன்.

மூன்றாம் முறை அந்த அக்கா வந்த அன்று நல்ல மழை. எங்கள் ரயில் சுபாங் ஜெயாவில் வெகுநேரம் நின்றுவிட்டது. பெட்டியில் நானும் சித்தப்பாவும் மட்டும் பழையபடி பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மேனேஜராக யாரைப் போட வேண்டும் என்று அவர் கேட்டார். நான் பல நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். துணை மேனேஜரைத்தான் போட வேண்டும். பெருசுக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருடம் உட்கார்ந்திருப்பவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பாயிண்டு செக்ரட்டரி" என்றார். மழை இன்னும் ஒரு மணி நேரம் பெய்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா முன்பே வந்து மூன்றாம் நாற்காலியில் இருந்தார். விவாதம் சூடாகிவிட்டது.

லோரி அங்கிள் மொட்டையின் பக்கம். மொட்டை என்பவர் வேறு நாட்டில் பெயர் வாங்கிய மேனேஜர். போன இடமெல்லாம் கோப்பை எடுத்தவர். வாத்தியார் அங்கிள் பழைய காப்டனின் பக்கம். "நம்ம வீட்டுப் பிள்ளைலா அவன். வெளியாளுக்கு நம்ம சட்டையோட அருமை தெரியுமா?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு அனுபவம் வேணாமா சார்? எல் லைசென்ஸ்காரன்கிட்ட லோரிய குடுக்குற மாதிரி" என்றார் லோரி அங்கிள்.

அப்போது அந்த அக்கா தே ஓ ஐஸ் குவளையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "துணை மேனேஜர் இருக்காரே, அவரை ஏன் யாரும் சொல்ல மாட்றீங்க? பதினஞ்சு வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு. யாருக்கு முழங்கால் வலி, யாரைத் திட்டணும், யாரைத் திட்டினா அழுவான், எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

என் முகம் சூடாகிவிட்டது. அது என்னுடைய பாயிண்டு. ரயிலில், மழையில், அரை மணி நேரத்துக்கு முன் நான் சொன்னது. சித்தப்பா இப்போது "இதையேதான் நம்ம செக்ரட்டரியும் சொன்னா" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அந்த அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோரி அங்கிள் சிரித்தார். "பக்கத்து சீட்ல உட்கார்ந்தவனெல்லாம் டிரைவரா? என் லோரியில மூட்டை எறக்குற கெலிண்டான் ஒருத்தன் பன்னெண்டு வருஷமா பக்கத்துலதான் உட்கார்ந்து வரான். இன்னும் அவனுக்கு கியர் போடத் தெரியாதும்மா."

"சரி அங்கிள். அந்தக் கெலிண்டான் எறங்கி நின்னு கை காட்டாம நீங்க ரிவர்ஸ் எடுப்பீங்களா?"

மேசை அதிர்ந்தது. வாத்தியார் அங்கிள் விதியை மறந்து, ஆட்டம் நடக்கும்போதே தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டார். லோரி அங்கிள், "அம்மாடி, இதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுலா" என்று கைகூப்பினார். கடை அண்ணன்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்.

வாத்தியார் அங்கிள் ஓட்டெடுப்பு வைத்தார். மேசையின் முடிவை இங்கிலாந்துக்கு யாரும் அனுப்பப்போவதில்லை என்றாலும் முடிவு என்று ஒன்று நோட்டில் இருக்க வேண்டும். பழைய காப்டனுக்கு ஒன்று. மொட்டைக்கு ஒன்று. துணை மேனேஜருக்கு இரண்டு: அந்த அக்காவும் சித்தப்பாவும். செக்ரட்டரிக்கும் ஓட்டு உண்டு என்றார்கள்.

"மொட்டை" என்றேன்.

சித்தப்பா திரும்பினார். "ரயில்ல துணைன்னுதானே சொன்னே?"

ஆக, அவருக்கு நினைவிருந்தது. "மனசு மாறிட்டேன்" என்றேன். இரண்டுக்கு இரண்டு என்று எழுதி, கீழே கோடு போட்டேன். அன்று அணியும் ஜெயித்தது.

அடுத்து வந்த வாரங்களில் ஒரு விபரீதம் நடந்தது. அந்த அக்காவுக்குச் சில சனிக்கிழமைகளில் வேலை இருக்கும், வர மாட்டார். அன்று மூன்றாம் நாற்காலியில் நான் உட்கார்வேன். அன்று அணி தோற்கும். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஏப்ரல் மாத வாக்கில் லோரி அங்கிள் நோட்டை வாங்கி விரல்விட்டு எண்ணினார். மேசை அதுவரை அந்த ஆண்டு பன்னிரண்டு ஆட்டம் பார்த்திருந்தது. அந்த அக்கா வந்தது ஏழு: நான்கு வெற்றி, இரண்டு சமன், ஒரு தோல்வி. வராதது ஐந்து: ஒரு வெற்றி, ஒரு சமன், மூன்று தோல்வி.

"செக்ரட்டரி," என்றார் லோரி அங்கிள் மிகவும் கனிவாக, "இனிமே ரவாங் அக்கா வரலேன்னாலும் அந்த நாற்காலிய காலியா விட்ருவோம்லா. நீ உட்கார்ந்தா ராசி இல்லம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். என் தலையில் கை வைத்து ஆட்டினார். ஒரு மனுஷிக்கு இடம் விடுவது ஒன்று. அந்த மனுஷி இல்லாதபோதும், வெறும் நாற்காலிக்கு இடம் விடுவது வேறு. அன்று தூணுக்குப் பின்னாலிருந்து காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தேன். பெருசின் கடைசி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஆட்டத்துக்கு மூன்றாம் நாற்காலியில் யார் என்பதில் மேசைக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது என் பண்டோங் நோட்டின்மேல் கொட்டியது. கொட்டியது தற்செயல்தான். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பார்த்தபோது எனக்கு வந்த யோசனை தற்செயல் இல்லை.

"புது நோட்டுல எல்லாத்தையும் அழகா எழுதிக் கொண்டாறேன்" என்றேன். "அதான் செக்ரட்டரி" என்றார் வாத்தியார் அங்கிள்.

பள்ளி விடுமுறையின் முதல் இரண்டு நாள்கள் அதில் போயின. முடிவுகளில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தோற்ற ஆட்டத்தை இந்த மனிதர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். ஆனால் அன்று பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது, அதற்காகத்தானே நோட்டு. அந்த அக்கா வந்த மூன்று வெற்றிகளை வராத வெற்றிகளாக்கினேன். வராத மூன்று தோல்விகளை வந்த தோல்விகளாக்கினேன். ஆறு கட்டங்கள், அவ்வளவுதான். நான்கு கோல் அடித்த முதல் நாளைத் தொடவில்லை. அது எல்லோருக்கும் மனப்பாடம். வந்த ஆட்டங்களின் மொத்தம் அதே ஏழாக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன். இப்போது ஏழில் ஒரு வெற்றி, இரண்டு சமன், நான்கு தோல்வி. நான் மூன்றாம் நாற்காலியில் இருந்த ஐந்தில் நான்கு வெற்றி, ஒரு சமன். தோல்வியே இல்லை. எழுதி முடித்து, தலைப்புகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் மிகவும் சுத்தமானது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஆட்டம் பிந்தி நடந்தது; ஆனாலும் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். நோட்டைப் புரட்டிய லோரி அங்கிளின் புருவம் சுருங்கியது. "நான் அன்னிக்குத் தப்பா எண்ணிட்டேன் போலிருக்கே" என்று மறுபடி எண்ணினார். நோட்டை வாத்தியார் அங்கிளிடம் தள்ளினார். அவரும் எண்ணினார். கணக்கு வாத்தியார் எண்ணிய பிறகு மேல்முறையீடு கிடையாது.

"அம்மாடி," என்றார் லோரி அங்கிள், சங்கடமான சிரிப்போடு, "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் பெருசோட கடைசி ஆட்டம். நீங்க ரவாங்லயே டிவில பாருங்களேன். நோட்டு அப்படிச் சொல்லுது."

அந்த அக்காவும் சிரித்தார். "நான் பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டு நோட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியாக ஆள்காட்டி விரலை வைத்து இறங்கி வந்தார். அவர் தொழிலே அதுதான், பிறர் எழுதிய தாள்களைச் சரிபார்ப்பது. விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு இன்னோரிடத்தில். மூன்றாவதாக ஓரிடத்தில் நின்றபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பண்டோங்கைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு செக்ரட்டரி" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருசின் கடைசி ஆட்டத்தன்று நான் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தேன். அணி ஜெயித்தது. பெருசு கழுத்துத் துண்டைக் கழற்றிக் கூட்டத்தை நோக்கி ஆட்டியபோது வாத்தியார் அங்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். லோரி அங்கிள் என்னைத் தூக்கி நாற்காலிமேல் நிற்க வைத்தார். அங்கிருந்து பார்த்தால் கடை முழுக்கத் தெரிந்தது. சித்தப்பாவை மட்டும் காணவில்லை. அவர் வெளியே கடை வாசலின் ஐந்தடிப் பாதையில் முதுகைக் காட்டி நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஜெயித்த செய்தியை யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. லோரி அங்கிள் அதை அம்பாங்கில் கோயில் வாசலில் அத்தையிடம் சொல்லிவிட்டார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார், அவரிடம் கெட்ட எண்ணமே கிடையாது. அத்தை சிரிக்கவில்லை. சித்தப்பாவுக்கு அந்த அக்காவைப் பேசி முடிப்பது பற்றி வீட்டில் அப்போதுதான் பேச்சு தொடங்கியிருந்தது. ஜாதகம் பார்க்க வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டது அத்தைக்கு ஏற்கெனவே ஆறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கிள்ளானுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த நோட்டை எடுத்தாம்மா" என்றார்.

எடுத்துவந்தேன்.

"பந்தைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. அவ வந்த அன்னிக்கு என்னாச்சு, அத மட்டும் வாசி."

"அது சும்மா விளையாட்டுக்கு எழுதினது" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"விளையாட்டாத்தான் கேக்குறேன். நீ வாசிம்மா."

நான் வாசித்தேன். வெற்றி. சமன். தோல்வி. தோல்வி. அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பெரியவர்கள் என் பட்டியலை இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல்முறை என்பதால் என் குரல் தெளிவாகவே இருந்தது. நடுவில் சித்தப்பா துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஏழையும் வாசித்து முடித்தேன். "ஏழுல நாலு" என்றார் அத்தை, மடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டு. "வர்ற நேரம் எப்படின்னு பாத்துக்கோங்க. நான் ஒன்னும் சொல்லல."

சித்தப்பா என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைத் தன் அறைக்குள் கொண்டுபோனவர் பிறகு திருப்பித் தரவில்லை. கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நேரம் மாறட்டும் என்றார் அத்தை. அந்த ஒரு வருடமும் சித்தப்பா என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போகவில்லை, அவரும் போகவில்லை. மேசை கலைந்துவிட்டது. மூன்றாம் நாற்காலியை ஜெயித்து, அதில் நான் ஒரே ஓர் ஆட்டம்தான் உட்கார்ந்தேன்.

அணிக்கு மொட்டைதான் வந்தார். ஒரு சீசன்கூட முழுதாக இருக்கவில்லை. துணை மேனேஜர் அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த அக்கா எனக்குச் சித்தி ஆனார். என்னை ஒருமுறையும் கடிந்து பேசியதில்லை. செக்ரட்டரி என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார். ஆனால் வீட்டில் ஆட்டம் ஓடினால் கூடத்தில் உட்கார மாட்டார். அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்; நெருக்கடியான கட்டம் என்றால் உள்ளே போய்விடுவார். சித்திக்குப் பந்து சலித்துவிட்டது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். என் பல்கலைக்கழக முடிவு வந்த நாளில், நான் கணினியைத் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, யாரும் சொல்லாமலே எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்றுதான் எனக்கு உறைத்தது. ராசி இல்லை என்று என்னைச் சொன்னபோது, என் தலையைப் பிடித்து ஆட்டிச் சிரித்தார்கள். மறுநாள் அது மறந்துபோயிருக்கும். அதே வார்த்தையை ஒரு வீட்டுக்குள் வரப்போகிற பெண்ணின் பக்கம் நகர்த்தி வைத்தால் அது எவ்வளவு கனக்கும் என்று நான் எழுதிய எந்தக் கட்டத்திலும் இல்லை.

இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். அளவீடுகளில் யாராவது கை வைத்திருந்தால் கண்டுபிடிப்பதும் என் வேலையில் சேர்த்தி. போன மாதம் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அணி வழக்கம்போல் இன்னொரு மேனேஜரை அனுப்பிவிட்டு, அடுத்தவரைத் தேடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கே உன் சித்தி சொன்னா, துணையப் போடுன்னு" என்றார் சித்தப்பா. "நாலு கோல் போட்ட அன்னிக்கு."

"அது முதல் தடவை" என்றார் சித்தி அடுப்படி வாசலிலிருந்து. "நான் சொன்னது மூணாவது தடவை. மழையில உங்க ரயில் நின்னுச்சே, அன்னிக்கு."

"ஆமாமா. ரெண்டாவதுதான் சமன் ஆனது. நாலாவது, நீ பச்சைச் சட்டை போட்டு வந்தே, லோரிக்காரரு கத்தினாரு. ஜெயிச்சோம்."

"அஞ்சாவது தோத்தது. ஒன்னே ஒன்னு."

"ஆறாவது சமன். ஏழாவது ஜெயிச்சது, கடைசி நிமிஷத்துல."

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பாமல் ஒலியைக் கூட்டினார். சித்தி உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான்கு வெற்றி, இரண்டு சமன், ஒரு தோல்வி. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. யார் எந்த நாளில் வந்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது, அதற்குத்தான் நோட்டு என்று பதினொரு வயதில் முழுமையாக நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அத்தைக்குத் தெளிவான குரலில் வாசித்தபோது, ஹெல்மெட்டோடு கதவருகே நின்றவர் ஏழு நாள்களையும் ஒவ்வொன்றாக மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.